கால்பந்தாட்ட விதிகளும் நம் பிள்ளைகளின் தலையும்

(வெள்ளி விழா விளையாட்டு அரங்கில், கழகத்தின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கால்பந்தாட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அழைப்பிதழில் தலைப்பைக் கண்ட பெரியவர் ஒருவர், "படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள், பந்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கே தெரியும்" என்றார். உண்மைதான், பந்தைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பந்தாட்ட விதிகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறின, எதன்பொருட்டு மாறின என்பது ஆடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அம்மாற்றங்களில் முக்கியமானவை பலவும் ஒரே கேள்வியைச் சுற்றி எழுந்தவை. ஆட்டம் முடிந்தபின், ஆடியவன் முழு உடம்போடும் தெளிந்த அறிவோடும் வீடு திரும்புகிறானா என்பதே அக்கேள்வி. அறிவைப் பற்றியது ஆகையால் அது கல்விக் கழகத்தின் கேள்வியும் ஆகிறது.

காளவாசல் என்னும் சொல் சூளையைக் குறிப்பது. இன்று இங்கே மேம்பாலம் எழுந்து நிற்கிறது. பேருந்துகளும் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. சூளையின் புகையை நேரில் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. ஆனால் சும்மாட்டை அறியாத குடும்பம் இந்த அரங்கில் ஒன்றேனும் உண்டா? பழந்துணியைச் சுருட்டி வளையமாக்கி, தலைமேல் வைத்து, அதன்மேல் செங்கல்லையும் மண்ணையும் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். நம்மவர் தலைக்கு நெடுங்காலம் உலகம் கொடுத்திருந்த வேலை அது ஒன்றே. அந்தத் தலைக்கு வேறு வேலையும் உண்டு என்று நிறுவுவதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நடைபெற்று வருகிறது. சுமந்த காலத்திலும் சும்மாடு இல்லாமல் நம் முன்னோர் சுமை தூக்கவில்லை என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் நம் நாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. அவ்விரு அணிகளும் மோதுகின்றன என்றால் அந்நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆட்டத்தின் இடையே ஈஸ்ட் பெங்கால் அணியின் திலீப் பாலித்துக்கும் மோகன் பாகான் அணியின் பிதேஷ் போசுக்கும் இடையே முரட்டு மோதல் ஏற்பட்டது. நடுவர் இருவரையும் வெளியேற்றினார். மைதானத்தில் மூண்ட கனல் பார்வையாளர் மாடங்களுக்குத் தாவிற்று. ஒருவரை ஒருவர் தாக்கியும், தப்பிக்க முண்டியடித்து நெரிந்தும் பதினாறு பேர் மாண்டனர். அவர்கள் பந்தைத் தொடாதவர்கள், வெறுமனே பார்க்க வந்தவர்கள். இன்றளவும் வங்கத்தில் அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து இரத்ததானம் செய்கிறார்கள். ஒரு முரட்டு ஆட்டம் ஆடியவர் காலோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி பெங்களூரில் நடந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் நாட்டு இளைஞர் கிறிஸ்டியானோ ஜூனியர், அன்று மோகன் பாகானுக்கு எதிராக இரண்டு கோல்களையும் தாமே அடித்தார். இரண்டாவது கோலை அடித்த அதே நொடியில், பாய்ந்து வந்த எதிரணிக் கோலியோடு மோதி விழுந்தார். எழவேயில்லை. கோப்பையை டெம்போ வென்றது. வென்று கொடுத்தவர் மாண்டார். அவருடைய இதயம் நின்றுபோனதே காரணம் என்றார்கள். ஆகவே இதனைத் தலைக்காயம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அன்று நாடெங்கும் எழுந்த கேள்வி நமக்கும் உரியது. நாட்டின் பெரிய போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்திலேயே, விழுந்தவரைக் காக்க ஆயத்தமாக என்ன இருந்தது? அங்கேயே அந்த நிலை என்றால், இரண்டு கல்லை நட்டுக் கோல் கம்பம் என்று சொல்லி ஆடுகிற நம் பொட்டலில் என்ன இருக்கிறது?

இனி விதிகளுக்கு வருவோம். எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வதை மைதானத்தில் டேக்கிள் என்கிறோம். கால்பந்தின் அழகில் பாதி அதிலேதான் இருக்கிறது. ஆபத்தில் பெரும்பகுதியும் அதிலேதான். 1995-ஆம் ஆண்டு வரை, எதிரியை உதைத்தாலும் இடறினாலும், அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்றே விதி இருந்தது. மனத்துக்குள் இருப்பதை யார் அறிவார்? உதைத்தவன் இரண்டு கைகளையும் விரித்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "தெரியாமல் பட்டுவிட்டது" என்பான். கால் முறிந்தவன் தூக்கிச் செல்லப்படுவான். முறித்தவன் ஆட்டத்தில் இருப்பான்.

1982-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் உலகமே இதைக் கண்டது. செவில் நகரில் பிரான்சுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடையே நடந்த அரை இறுதி ஆட்டம் அது. பந்தை நோக்கி ஓடிவந்த பிரான்சின் பட்டிஸ்தோன் மீது ஜெர்மானியக் கோலி ஷூமாக்கர் துள்ளிப் பாய்ந்து இடித்தார். பட்டிஸ்தோன் நினைவிழந்து கீழே கிடந்தார், பற்கள் உடைந்தன, முதுகெலும்பிலும் காயம். நடுவர் தந்த தண்டனை என்ன தெரியுமா? எதுவுமில்லை. ஃபவுல்கூட இல்லை, ஜெர்மனிக்கே கோல் கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடரச் செய்தார்.

1995-இல் 'வேண்டுமென்றே' என்னும் சொல் அவ்விதியிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது நடுவர் அளப்பது செயலை. கவனக்குறைவாகப் பாய்ந்தால் ஃபவுல். எதிரிக்கு என்ன ஆகும் என்று எண்ணாமல் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுமீறிய வலுவோடு பாய்ந்து எதிரியின் உடலுக்கு ஆபத்து விளைவித்தால் சிவப்பு அட்டை. நோக்கம் என்ன என்ற கேள்வி போய், எதிரியின் உடம்புக்கு என்ன ஆபத்து என்ற கேள்வி அதனிடத்தில் வந்து அமர்ந்தது. நம்மைப் பொறுத்தவரை, கால்பந்து விதிகளில் நிகழ்ந்த மாற்றங்களுள் தலையாயது இதுவே. அடித்தவன் என்ன நினைத்தான் என்பதையே கேட்டுக்கொண்டிருந்த சபைகள் பலவற்றை நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் கேட்கும் சபை எவ்வளவு அரிது என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதையடுத்து, பின்னாலிருந்து பாய்வதைப் பற்றிய விதி இறுகிற்று. பின்னாலிருந்து வருபவனைப் பந்தை வைத்திருப்பவன் காண முடியாது. தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. ஹாலந்து நாட்டின் ஈடிணையற்ற முன்னணி ஆட்டக்காரர் மார்க்கோ வான் பாஸ்டன், கணுக்கால் காயத்தால் இருபத்தெட்டாம் வயதோடு ஆட்டத்தை இழந்தார்; அறுவைகள் பல செய்தும் பயனின்றி 1995-இல் ஓய்வு பெற்றார். 1998-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை ஒட்டி, பின்னாலிருந்து பாய்ந்து எதிரிக்கு ஆபத்து விளைவித்தால் நேரே சிவப்பு அட்டை என்று எழுதப்பட்டது. பிற்காலத்தில் முன், பின், பக்கம் என்ற வேறுபாடும் நீங்கிற்று. எத்திசையிலிருந்து வந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

கால்களுக்கான விதிகள் இவை. தலைக்கு வந்தது 2006-இல். உயரத்தில் வரும் பந்துக்காக இருவர் எம்பும்போது, ஒருவன் முழங்கை மற்றவன் முகத்திலோ நெற்றிப்பொட்டிலோ இடிப்பதை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். அவ்வாறு முழங்கையால் தலையில் தாக்கினால் சிவப்பு அட்டை காட்ட வேண்டும் என்று 2006 முதல் நடுவர்கள் பணிக்கப்பட்டனர். பலன் கிட்டியதா? ஜெர்மனியின் முதல்நிலை லீகில் பதின்மூன்று பருவங்களின் காயங்களை எண்ணி ஆராய்ந்தார்கள். அவ்விதி வருவதற்கு முன்னிருந்ததைவிட, வந்தபின் தலைக்காயங்கள் நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் அணிவிக்கப்படவில்லை. நடுவரின் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டை உரிய நேரத்தில் வெளியே வந்தது, அவ்வளவே.

எண்ணி ஆராய்ந்தார்கள் என்றோம். அந்த எண்ணுதலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

அமெரிக்கர் ஃபுட்பால் என்று ஆடுவது வேறோர் ஆட்டம். நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவான் ஒருவன்; மற்றவர்கள் அவனை இடித்தும் கட்டிப்பிடித்தும் வீழ்த்துவார்கள். தொடக்கத்தில் அது போர்க்களமாகவே இருந்தது. கல்லூரி மாணவர்கள் மைதானத்தில் மாண்டனர். 1905-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரைத் தம் மாளிகைக்கு வரவழைத்து ஆட்டத்தைச் சீர்செய்யுமாறு கேட்டார். மறு ஆண்டே விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று அனுமதித்ததால், கூட்டமாகச் சேர்ந்து முட்டித் தள்ளும் ஆட்டம் தளர்ந்தது.

பிறகு கெட்டியான பிளாஸ்டிக் தலைக்கவசம் வந்தது. இனி அச்சமில்லை என்று எல்லோரும் எண்ணினர். நடந்ததோ வேறு. தலைக்குக் கவசம் இருக்கிறது என்ற துணிவில், ஆட்டக்காரர்கள் தலையையே ஈட்டியாக்கி எதிரியின்மேல் பாயத் தொடங்கினர். மண்டை தப்பிற்று, கழுத்தெலும்பு முறிந்தது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கழுத்துக்குக் கீழே உணர்வற்று வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடந்தனர். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜோசப் டார்க் என்னும் எலும்பு மருத்துவர், அத்தகைய காயங்களுக்கென்று நாடு தழுவிய பதிவேடு ஒன்றை 1975-இல் தொடங்கினார். எவ்வாறு பாய்ந்தபோது எவ்வாறு முறிந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். தலையை முன்னிறுத்திப் பாய்வதே காரணம் என்பது அந்தப் பதிவேட்டால் ஐயமற விளங்கிற்று. 1976-இல் அவ்வாறு பாய்வது தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டில் கைகால் நான்கும் செயலிழந்தவர் 34 பேர். 1984-இல் அத்தொகை 5 ஆகச் சுருங்கிற்று.

இளைஞர்களே, இதில் நாம் காண வேண்டியது என்ன? பிள்ளைகள் விழுந்துகொண்டிருந்தபோது எல்லோரும் வருந்தினர். வருத்தத்தால் விதி மாறவில்லை. பெரிய மனிதர்கள் பேசினர். அதனால் சிறிது மாறிற்று. ஒருவர் பேனாவை எடுத்து நாள், இடம், காயம், காரணம் என்று வரிசையாக எழுதி வைத்தபோதே மறுக்க இயலாத சான்று பிறந்தது. எழுத்தறிவு எதற்கு என்று கேட்போருக்கு இரவுப் பள்ளியில் நாம் ஆயிரம் விடை சொல்லியிருக்கிறோம். இதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது தலைக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். மண்டை ஓட்டுக்குள் நீர் சூழ மிதக்கிறது மூளை. தலை வேகமாக அதிரும்போது மூளையும் உள்ளே குலுங்குகிறது. இதை மூளை அதிர்ச்சி என்கிறோம். மருத்துவர்கள் கன்கஷன் என்பார்கள். மயக்கம் போட்டு விழுந்தால்தான் ஆபத்து என்று நம்மவர் நினைக்கிறார்கள். அது பிழை; மயங்காமலே மூளை அதிர்ச்சி ஏற்படும், பெரும்பாலும் அப்படித்தான் ஏற்படுகிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது, வெளியே இரத்தம் வராது, வீக்கம்கூட இல்லாதிருக்கும். ஆட்டக்காரன் எழுந்து நிற்பான், "ஒன்றுமில்லை அண்ணே" என்பான், ஓடவும் செய்வான்.

2014-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் இவ்வாறே ஓடினார். எதிராளியின் தோள் முகத்தில் இடித்தபின் பதினான்கு நிமிடம் வரை ஆடிக்கொண்டிருந்தார். பிறகு நடுவரிடம் சென்று, இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்டார். நடுவர் வேடிக்கை என்று நினைத்தார். மறுபடியும் கேட்டபோதே நிலைமை விளங்கி, அணியினரிடம் சொல்லி அவரை வெளியே அனுப்பச் செய்தார். உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்க, கோடிக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நினைவு குழம்பிய ஒருவர் பதினான்கு நிமிடம் ஆடினார் என்றால், நம் பிள்ளை ஆடுவதை யார் கண்டுபிடிப்பார்?

அவரை ஏன் உடனே வெளியேற்றவில்லை? மாற்று ஆட்டக்காரரை இறக்கினால் அணிக்கு உரிய மாற்று வாய்ப்புகளில் ஒன்று குறையும். ஆகவே பயிற்சியாளர் தயங்குகிறார். ஆட்டக்காரனும் வலியை மறைக்கிறான். கிரிக்கெட்டில் இந்த முடிச்சு முன்னரே அவிழ்ந்தது. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு மாண்ட பின், 2019 முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு ஆட்டமும் ஆடும் மாற்று ஆட்டக்காரரைப் பன்னாட்டு ஆட்டங்களில் அனுமதித்தனர். 2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவுக்குப் பதிலாகச் சாஹல் பந்து வீசியதை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கால்பந்தில் 2021-இல் சோதனை முறையாகத் தொடங்கி, 2024 ஜூலை முதல் விதிப்புத்தகத்திலேயே இடம்பெற்றுவிட்டது. போட்டி நடத்துவோர் விரும்பினால், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று ஒருவரை இறக்கலாம். வழக்கமான மாற்றுகளின் எண்ணிக்கையில் அது சேராது. எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்று கிடைக்கும். ஆகவே எவரும் நட்டப்படுவதில்லை. வெளியே சென்றவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் ஆட முடியாது. நன்மை செய்கிறவனுக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்வது நல்ல விதிக்கு இலக்கணம் என்று இதைக் கண்டபின் நமக்குத் தோன்றுகிறது.

மோதலால் மட்டுமன்றி, பந்தைத் தலையால் அடிப்பதாலும் கேடு உண்டா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்டில் தலையால் கோல் அடிப்பதில் பெயர் பெற்றவர். நினைவை இழந்து 2002-இல், ஐம்பத்தொன்பதாம் வயதில் மாண்டார். அவர் இறப்பை விசாரித்த அதிகாரி, அதைத் தொழிலால் வந்த நோய் என்று தீர்ப்புரைத்தார். சுமை தூக்குவோனுக்கு முதுகு போவது போல, பஞ்சாலைத் தொழிலாளிக்கு நெஞ்சு போவது போல, பந்தைத் தலையால் முட்டியவருக்கு மூளை போயிற்று என்பது அதன் பொருள். 2019-இல் ஸ்காட்லாந்தில் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரின் வாழ்வை ஆராய்ந்தபோது, மூளைச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. அதே ஆராய்ச்சியில், இதய நோயால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவு என்பதும் தெரிந்தது. ஆகவே பந்தாட வேண்டாம் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஓடுவது நல்லது, முட்டுவதில்தான் கவனம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2020 முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி கற்பிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் பத்து வயதுவரை அடியோடு தடை. இங்கிலாந்தும் சிறுவர் ஆட்டங்களில் தலையடியைப் படிப்படியாக நீக்கி வருகிறது.

இவ்வளவையும் சொல்லும்போது நம் மைதானத்திலிருந்து எழும் மறுப்பு நமக்குத் தெரியாததன்று. "ஆட்டம் சப்பென்று ஆகிவிடும், அடிக்குப் பயந்தவன் கோலிக்குண்டு ஆடட்டும்" என்பார்கள். 1911 ஜூலை 29-இல் மோகன் பாகான் அணி, ஒருவர் நீங்கலாக மற்றவர் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த வெள்ளையர் படையணியை வென்றதே என்று எடுத்துக்காட்டுவார்கள். வென்றது உண்மை, நமக்கும் பெருமையே. ஆனால் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று இந்தியா தோற்றதும், அதன்பின் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டதும் அதே வரலாற்றின் அடுத்த பக்கம். 1990 முதல் கணைக்கால் முன்புறத்துக்குக் காப்புத் தட்டையும் விதி கட்டாயமாக்கிற்று. வீரம் குறைந்துவிட்டதாக எவரும் புலம்பவில்லை.

இந்த மறுப்பில் வேறொரு குரலும் கலந்திருக்கிறது. அதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். "அவர்கள் உடம்பு தாங்கும்" என்னும் குரல் அது. நம்மவரைச் சாக்கடைக் குழிக்குள் கவசமின்றி இறக்கியவர்கள் சொன்னதும் இதுவே; கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டவர்கள் சொன்னதும் இதுவே. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் புதிதாக இயற்றப்பட்ட பின்னரும் குழிச் சாவுகள் நின்றபாடில்லை. காரணம், சட்டத்துக்குப் பின்னும் அந்த நினைப்பு மாறவில்லை. வருத்தம் என்னவென்றால், பிறர் நம்மைப் பற்றிச் சொன்னதை நம் பிள்ளைகளே பெருமையாக எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டனர். "நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று நெற்றியில் வீக்கத்தோடு மீண்டும் இறங்குகிற பிள்ளையைக் கைதட்டி வரவேற்கிறோம். அந்தக் கைதட்டல் நிற்க வேண்டும். நரம்பும் மூளையும் குடிசைக்கு ஒரு வகை, மாளிகைக்கு ஒரு வகை என்று படைக்கப்படவில்லை. வேறுபடுவது ஒன்றே: மாளிகைப் பிள்ளைக்கு அடிபட்டால் அன்று மாலையே மருத்துவர் பார்ப்பார், நம் பிள்ளைக்கு அடிபட்டால் மறுநாள் கூலி போகும், அடுத்த மாதம் தேர்வு போகும். தாங்கும் வசதி குறைந்தவனுக்குப் பாதுகாப்பு அல்லவா கூடுதலாக வேண்டும்?

கபடி ஆடுவோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை விட்டுவிடவில்லை. கபடியே முழுக்க முழுக்கப் பிடியாட்டம். பாடி வருபவனின் வாயைப் பொத்தக்கூடாது, கழுத்தை நெரிக்கக்கூடாது, கால்களைக் கத்தரிபோலப் பின்னி வீழ்த்தக்கூடாது, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் அதன் விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. பன்னாட்டு ஆட்டங்கள் மெத்தைவிரிப்பின்மேல் நடக்கின்றன. நம் பக்கத்துத் திருவிழா ஆட்டங்களோ நள்ளிரவில், குழல்விளக்கின் மங்கலில், இறுகிய தரையில் நடக்கின்றன. மண்ணைக் கொத்திக் கிளறி, கல் பொறுக்கி, மணல் பரப்பிய பிறகே கோடு போட வேண்டும். அதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை, இரண்டு மண்வெட்டி போதும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். நம் மதுரை வட்டாரத்துச் சேது கால்பந்துக் கழகத்தின் பெண்கள் 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே வென்று வந்தார்கள். அதைக் கண்டு நம் மாணவியரும் பந்தோடு இறங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. கால்பந்தில் மூளை அதிர்ச்சி ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக நேர்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே அவர்கள் பயிற்சியில் இவ்விதிகளைத் தளர்த்தாதீர்கள். அதைக் காரணம் காட்டி அவர்களை வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. நம் வெள்ளி விழாக் கோப்பை ஆட்டங்களுக்கு விளையாட்டுக் குழு சில முடிவுகளைச் செய்திருக்கிறது. ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் பூட்ஸ் அணிந்து ஆட வேண்டும், அல்லது இரண்டுமே வெறுங்காலோடு ஆட வேண்டும். பூட்ஸ் காலும் வெறுங்காலும் மோதும் ஆட்டம் நடைபெறாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் தலையடி கிடையாது. தலையால் அடித்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். முழங்கை தலையில் பட்டால், பின்னாலிருந்து பாய்ந்து காலை வாரினால், அடித்தவர் அமைப்பாளரின் தம்பியே ஆனாலும் வெளியே போக வேண்டும். நடுவரைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிடும் அணி அந்த ஆட்டத்தை இழக்கும். கல்கத்தாவின் பதினாறு பேரை மனத்தில் வைத்தே இதை எழுதினோம்.

தலையில் அடிபட்டவரை நடுவர் உடனே நிறுத்துவார். தலையில் சோடாவை ஊற்றித் துடைத்துவிட்டு இறக்கும் பழக்கம் இனி வேண்டாம். இது எந்த மைதானம், இப்போது முதற்பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம் என்று அவரைக் கேட்க வேண்டும். தடுமாறினால் ஐயமே வேண்டாம், அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. சரியாகச் சொன்னாலும் தலைவலி, மயக்கம், கண் கூசுதல், குமட்டல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவ்வாறே. ஐயம் இருந்தால் வெளியே என்பதுதான் உலகெங்கும் இன்று கைக்கொள்ளும் நெறி. அவருக்குப் பதில் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். எதிரணிக்கும் அவ்வுரிமை உண்டு. அவரைத் தனியே சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஒருவர் உடன்சென்று தாயிடமோ மனைவியிடமோ சொல்லிவிட்டு வர வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், பேச்சுக் குழறினாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப எழுப்ப விழிக்காமல் உறங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்பவரை நான்கு பேர் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். வண்டி வரும்வரை அசையாமல் படுத்திருக்கட்டும்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு சிறிது சிறிதாகப் படிப்பு. பாடம் தலைவலியில்லாமல் ஏறத் தொடங்கிய பிறகே பந்து. மூளை ஆறுமுன் இரண்டாம் முறை அடிபட்டால், குறிப்பாக இளம் வயதில், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே மருத்துவர் சரி என்று சொல்லாமல் எந்தத் தலைவரும் பிள்ளையை இறக்கக் கூடாது. இரவுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எழுத்துக்கள் ஆடுகின்றன, படித்தது நிற்கவில்லை என்று சொன்னால், சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன், "ஞாயிற்றுக்கிழமை விழுந்தாயா?" என்று கேளுங்கள்.

கடைசியாக அந்தப் பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, கோடு போட்டு, நூலக மேசைமேல் வைத்திருக்கிறோம். நாள், மைதானம், வயது, எந்த இடத்தில் அடி, எப்படிப் பட்டது, எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போகவில்லை என்று ஆறு கட்டங்கள் உண்டு. பெயர் எழுத வேண்டாம். கால்பந்தாயினும் கபடியாயினும் குறிக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் எழுதத் தெரிந்த ஒருவரை இதற்கென நியமித்து, இன்று மாலைக்குள் செயலாளரிடம் அவர் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். ஓராண்டு முடிந்ததும் அதைக் கூட்டிப் பார்த்து, அடுத்த பொதுக்குழுவில் படிப்போம். மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கும் கபடிச் சங்கத்துக்கும் படி அனுப்புவோம். முதல் ஆட்டம் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. மண்வெட்டி கொண்டுவரக் கூடியவர்கள் ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.